‘கேட்டாச்சு – அக்கா’

மார்ச் 3, செவ்வாய்

என் தம்பி என்னைக் கேட்காமல் நம் கம்பெனி ஸ்பீக்கர்களைத் தள்ளுபடிக் கடையில் விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டான். நடந்த தவறு இதுதான். ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டேன். நாளைக்கு யாராவது வந்து ‘சூழ்நிலை அப்படி’ என்று சுற்றி வளைத்தால் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.

எனக்குத் தெரிய வந்த விதம் அதைவிட மோசம். அட்டைப்பெட்டிக்காரர் மாடியில் நான் ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பார்க்கும் அறைக்கு வந்து, “பார்கோடு எந்தப் பக்கம் போடணும், அக்கா?” என்று கேட்டார். முப்பத்தொரு வருடமாக நம் பெட்டியில் பார்கோடு கிடையாது. எதற்குப் பார்கோடு என்றேன். அவர் முழித்தார். “கீழ சொல்லலையா?” என்றார். மனுஷர் பாவம், படியில் இறங்கும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கடையை எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, முந்நூறு வண்டி நிற்கும் இடத்தோடு. வாணலி, தலையணை, டிவி, பூட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ். எல்லாவற்றின் தலையிலும் விலைக் குறைப்பு என்று ஒரு சிவப்பு அட்டை.

மார்ச் 4, புதன்

இன்று அவனை அழைத்துக் கேட்டேன். மேலே வந்தான். உட்காரவில்லை.

“அக்கா, நம்ம பொருள் வைக்கற பதினோரு கடையில நாலு மூடியாச்சு. மீதி ஏழுலயும் ஈ ஓட்டறாங்க. அரை மணி நேரம் உக்காந்து கேட்டு வாங்கற காலம் போயிடுச்சு. நீ மேலயே இருக்க, உனக்குத் தெரியல.”

“நான் மேல உக்காந்து கேட்டதாலதான்டா நீ கீழ உக்காந்து கையெழுத்துப் போடற.”

“நல்ல பொருளை நாலு பேர் வர்ற இடத்துல வைக்கறதுல என்ன தப்பு?”

“நாலு பேர் வர்ற இடத்துல ஒருத்தராவது கேக்க முடியுமா?”

வேறு ஒன்று சொன்னான். முப்பது நாள் வெள்ளோட்டமாம். ஒரே கடை, அறுபது ஜோடி. விற்றால் மேலும் எடுப்பார்கள். விற்காவிட்டால் ஏப்ரல் எட்டாம் தேதி எல்லாம் திரும்பி வரும், ஒப்பந்தம் முடிந்தது. அப்போது பின்பக்க ஷெட்டை மூட வேண்டியதுதான். அங்கே வேலை செய்கிறவர்கள் பதினான்கு பேர்.

சரி. இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் சொல்வதற்கு என்ன கேடு? கேட்டேன்.

“உன்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

நம் பொருளுக்கு ஒரு விதி இருந்தது. வாங்க வருபவர் தனக்குப் பிடித்த பாட்டைக் கொண்டுவர வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், கேட்க வேண்டும். பிறகுதான் விலையைப் பற்றிப் பேச்சு. கேட்காமல் பெட்டியைக் கொடுத்த ஒரு கடைக்காரரிடமிருந்து சரக்கைத் திரும்ப எடுத்திருக்கிறோம். எடுத்து வந்தது யார்? இதே தம்பி.

நாளைக்கே அந்தக் கடை நம் தலையிலும் சிவப்பு அட்டையைத் தொங்கவிடும். நேற்று முழு விலை கொடுத்து வாங்கியவர் அதைப் பார்ப்பார். அவர் மூஞ்சியில் எப்படி விழிப்பது?

மார்ச் 6, வெள்ளி

சுற்றறிக்கை வந்தது. அதில் என்னை ‘மேடம்’ என்று போட்டிருக்கிறான். ‘ஒலிச் சோதனைக்குப் பொறுப்பான மேடம்.’

என்னைவிட நாலு வயது மூத்த தச்சர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நிஜமாகவே அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். அவனுக்கு நான் மேடம்.

மார்ச் 9, திங்கள்

அறுபது ஜோடியையும் கேட்டு முடித்தேன். கேட்காமல் விட்டிருக்கலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம்மிடம் இருக்கும் பட்டம் வாங்கிய இன்ஜினியர் மீட்டரில் பார்த்து ‘சரி’ என்று எழுதியிருப்பார். நான் ஒன்பதாவதோடு நின்றவள். பழைய ரேடியோவைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கையேடு படித்தவள். எனக்கு மீட்டரும் தெரியும், மீட்டர் சொல்லாததும் தெரியும். முப்பத்தேழாவது ஜோடியில் இடது பெட்டி கொஞ்சம் மூக்கால் பேசியது. பிரித்து, உள்ளே பஞ்சை மாற்றி வைத்த பிறகுதான் விட்டேன்.

கேட்காமல் அனுப்பினால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு சீட்டு போகும். என் கையெழுத்தில் ‘கேட்டாச்சு – அக்கா’. தொடங்கிய காலத்தில் தம்பி ஒரு ஜோடியை நான் கேட்பதற்கு முன்பே கட்டி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து இந்தச் சீட்டு. சீட்டு இல்லாமல் பெட்டி மூடாது. எப்போதும் உள்ளேதான் இருக்கும், வாங்கியவர் மட்டும் பார்ப்பார்.

இந்த அறுபதுக்கும் வெளியே ஒட்டச் சொன்னேன். பெரிய எழுத்தில், சிவப்பு மையில். வாணலிக்கும் தலையணைக்கும் நடுவில் நிற்கப் போகிற பெட்டி இது. இதை ஒருத்தி உட்கார்ந்து கேட்டிருக்கிறாள் என்று அந்தக் கடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியட்டும். கட்டும் பிரிவு மேற்பார்வையாளர் தயங்கினார். கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

“அவங்க இஷ்டம்னு சொல்லிட்டார், அக்கா.”

அவங்க.

மார்ச் 10, செவ்வாய்

லாரி போய்விட்டது. ஜன்னல் பக்கம் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பதினோரு மணி ஆனால் தானாகக் காது படிக்கட்டுக்குப் போகிறது. முப்பத்தொரு வருடமாகப் பதினோரு மணிக்கு இரண்டு டீயோடு வருவான். வலது கால் கொஞ்சம் அழுந்தி விழும். இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, “போடு” என்பான். கண்ணை மூடுவான். மூன்றாவது நிமிடம் தூங்கிவிடுவான். பாட்டு நின்றதும் எழுந்து “பிரமாதம்” என்பான்.

“தூங்கிட்டியேடா.”

“நல்லா இருந்தாத்தான தூக்கம் வரும்? கரகரன்னா முழிச்சுக்க மாட்டேனா?”

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சோதனைதான். அவன் விழித்துக்கொண்ட ஜோடிகளை நான் மறுபடி பிரித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றில் இரண்டு தரம் ஏதோ ஒரு கோளாறு இருந்திருக்கிறது.

இன்றும் கால் சத்தம் வந்தது. பாதிப் படி வரை. பிறகு தொலைபேசி அடித்தது, இறங்கிவிட்டது. தொலைபேசி அடிக்காமல் இருந்திருந்தால் வந்திருப்பானா? தெரியாது. டீயை நானே போட்டுக் குடிக்கிறேன். ருசி என்று ஒன்றும் இல்லை.

என் அறைத் தரைக்குக் கீழேதான் அவன் அறை. பலகைத் தளம். அவன் பேசுவது இருமுவது எல்லாம் எனக்குக் கேட்கும். இத்தனை நாள் அதை நான் கவனித்ததே இல்லை.

மார்ச் 19, வியாழன்

முதன்முதலில் நம் ஸ்பீக்கரை எடுத்து வைத்த கடைக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் கடையில் ஆள் இல்லை. கேட்கும் அறையில் அவரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க. நானே வரணும்னு இருந்தேன், சண்டை போட.”

“என்கிட்டயா?”

“வேற யார்கிட்ட? உங்க தம்பி போனை எடுக்க மாட்டேங்கறாரு.” பேப்பரை மடித்து வைத்தார். “போன வாரம் ஒருத்தர் வந்தாரு. கால்மேல கால் போட்டு அரை மணி நேரம் கேட்டாரு. ஏசி போட்டேன், டீ வாங்கிக் குடுத்தேன். எழுந்து, ‘அங்க குறைச்சலா கிடைக்குதாமே’ன்னு போயிட்டாரு. இங்க கேட்டுட்டு அங்க வாங்கறதுக்கு நான் என்ன காது பாக்கற டாக்டரா? அதுக்காவது ஃபீஸ் உண்டு.”

நான் என்ன சொல்வது? அவர் பக்கம்தான் நியாயம். அவர் பக்கம் நியாயம் என்று சொன்னால் என் தம்பியை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். ஒன்றும் சொல்லாமல் வந்தேன். இந்த வயதில் எனக்கு இது ஒரு புதுப் பழக்கம்.

மார்ச் 27, வெள்ளி

கீழே அவன் குரல். “ஒண்ணுகூடவா போகல? பதினெட்டு நாள்ல ஒண்ணுகூடவா?”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 1, புதன்

கடைக்காரர் போன் செய்தார். கால்மேல கால் போட்டவர் திரும்பி வந்து முழு விலைக்கே வாங்கிக்கொண்டு போனாராம். “அங்க ஸ்டாக் இல்லன்னுட்டாங்களாம், அக்கா” என்று ஒரே சிரிப்பு.

அறுபது போனது. ஒன்றும் விற்கவில்லை. ஆனால் சரக்கும் இல்லை. இது என்ன கணக்கு?

ஏப்ரல் 2, வியாழன்

போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

மாதிரிக்கு என்று தனியாகப் போன ஒரு ஜோடியை மின்விசிறிகளுக்குப் பக்கத்தில், அலமாரியின் உச்சியில் வைத்திருந்தார்கள். இணைப்பே கொடுக்கவில்லை. ஊமையாக நின்றது. ஒரு கணவனும் மனைவியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது அந்த ஸ்பீக்கர்தான?”

“அது இங்கெல்லாம் வருமா? டூப்ளிகேட்டா இருக்கும், வா.”

பார், இதைத்தான் சொன்னேன் என்று மனசுக்குள் தம்பியிடம் சொன்னேன். பிறகு விற்பனையாளரிடம் ஒரு ஜோடி வேண்டும் என்றேன்.

“இல்லம்மா. எல்லாம் ஆளுங்க சொல்லி வெச்சிட்டாங்க.”

“அறுபதுமா?”

“பின்னாடி கிடங்குல கேட்டுப் பாருங்க.”

கிடங்கைப் பார்த்துக்கொள்வது ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். சுவர் ஓரமாக நம் பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன. ஒன்றுகூடத் திறக்கவில்லை. சிவப்பு மையில் என் கையெழுத்து வரிசை வரிசையாக.

“இதெல்லாம் அந்த அக்காவுது” என்றார்.

“எந்த அக்கா?”

“யாருக்குத் தெரியும்? யாரோ பெரிய இடம் போல. மொத்தத்தையும் கேட்டிருக்காங்க. மாசம் ஆகப்போகுது, வந்து எடுக்கவும் மாட்டேங்கறாங்க, வேணாம்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பணம் இருக்கறவங்களுக்கு எல்லாம் விளையாட்டு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பக்கத்து வரிசையைக் காட்டினார். ஒரு மிக்ஸி மேல் வெள்ளைச் சீட்டு: ‘கேட்டாச்சு – டீச்சர்’. ஒரு வாஷிங் மெஷின் மேல்: ‘கேட்டாச்சு – மாடி வீட்டு அண்ணன்’. யாராவது ஒரு பொருளைக் கேட்டு, எடுத்து வைக்கச் சொன்னால், அந்தக் கடையில் இப்படித்தான் சீட்டு ஒட்டுவார்களாம். சீட்டு ஒட்டியதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கண்டிப்பான விதி.

காதால் கேட்டாச்சு என்று நான் எழுதினேன். வாயால் கேட்டாச்சு என்று அவர்கள் படித்தார்கள். எழுத்தில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

“வந்து வந்து கேட்டுட்டுத்தான் போறாங்க” என்று ஒரு நோட்டை எடுத்தார். இருபத்து மூன்று பேர், தொலைபேசி எண்ணோடு. ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்கூல் பஸ் டிரைவர், அஞ்சு தடவை வந்தார்’ என்று எழுதியிருந்தது. “அந்த அக்கா மனசு மாறினா சொல்றேன்னு எழுதி வெச்சிருக்கேன். உங்க நம்பரையும் சொல்லுங்க. நீங்க இருபத்தி நாலு.”

சொன்னேன். என் எண்ணையே சொன்னேன். நான்தான் அந்த அக்கா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த டிரைவரின் எண்ணை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்னும் ஐந்து நாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எட்டாம் தேதி அறுபதும் திரும்பி வரும். நான் சொன்னது சரி என்று ஊருக்கே தெரியும். அவன் மாடி ஏறி வந்து ‘தப்புதான் அக்கா’ என்பான்.

வருவானா?

பதினான்கு பேர். பின்பக்க ஷெட்டில் பலகைக்கு உப்புத்தாள் தேய்ப்பவர் என் குரலைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார், அத்தனை திட்டியிருக்கிறேன்.

நான் ஒன்றும் செய்யவில்லையே. என் சீட்டை நான் ஒட்டினேன். அவர்கள் தப்பாகப் படித்தால் நானா பொறுப்பு? இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எத்தனை தரம் சொன்னாலும் காதுக்குச் சரியாக வரவில்லை.

ஏப்ரல் 4, சனி

டிரைவருக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கர் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“கிடைச்சிடுச்சா?” என்றார் உடனே.

அதற்குப் பதில் சொல்லாமல் என் கேள்வியைக் கேட்டேன். “ஒரு தடவைகூடக் கேக்காம எப்படி வாங்கறீங்க? அஞ்சு தடவை போயிருக்கீங்க. அங்க அது பாடக்கூட இல்லையே?”

“கேக்காமயா? பத்து வருஷமா கேக்கறேன்மா. பக்கத்து வீட்டுல இருக்கு. நடுவுல ஒரு சுவர்தான். அவர் போடுவாரு, நாங்க இந்தப் பக்கம் உக்காந்து கேப்போம்.”

“அப்புறம் ஏன் எங்க கடைக்கு வரல?”

“வந்தேன்மா. ஒரு தரம். கண்ணாடிக் கதவு. உள்ள ஒருத்தர் கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. செருப்பைக் கழட்டணுமா வேணாமான்னு தெரியல. யாரையும் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. திரும்பிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “கேக்கறதுக்காக மட்டும் வாங்கலம்மா. காது அது பாட்டுக்குச் சுவர் வழியாவே கேட்டுடும். என் வீட்டுக்காரிக்குத்தான் தாங்கல. பத்து வருஷமா அவர் போடற பாட்டுதான். ஒரு நாளாவது அதுல எங்க பாட்டு வரணும்ங்கறா.”

போனை வைத்த பிறகு இடது பக்க நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றுதானே நாற்காலி போட்டோம்? எழுபது வயதில் எனக்கு ஒரு பஸ் டிரைவர் சொல்லித் தெரிகிறது, அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு கதவும் போட்டிருந்தோம் என்று.

அதற்காகச் சிவப்பு அட்டை சரி என்று ஆகிவிடாது. என்னைக் கேட்காததும் சரி ஆகாது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி மனைவி போனில்: “ரெண்டு பேரும் இன்னும் எத்தனை நாள் இப்படிக் காய் விட்டுக்கிட்டு இருக்கப் போறீங்க, அண்ணி? இங்க இவர் சோத்துல கை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு.” சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

பதினோரு மணிக்கு நான் இறங்கினேன். முழங்கால் வலித்தது. அவன் அறைக்கு நான் கடைசியாக எப்போது போனேன் என்று நினைவில்லை. மேசையில் ஷெட் ஆட்களின் பட்டியல் இருந்தது. யாருக்கு எந்தத் தேதியில் வேலை இல்லை என்று சொல்வது என்று குறித்து வைத்திருந்தான்.

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கிடங்கு அம்மா, மாடி வீட்டு அண்ணன், இருபத்து மூன்று பேர்.

அவன் பட்டியலைக் கவிழ்த்து வைத்தான். பிறகு கேட்டான்: “இது உனக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டாம் தேதி.”

“இன்னிக்கு ஆறு. நாலு நாள் என்ன பண்ணின?”

“ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்.”

முதலில் உதடு துடித்தது. திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டான். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “யாரோ பெரிய இடம் போல” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

“சிரிக்காத. நீ பண்ணினது தப்பு. அது மாறல.”

“தப்புதான்.” கண்ணைத் துடைத்தான். “நீ வேணாம்னு சொல்லிட்டா, அதை மீறிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் இல்லக்கா. அதான் உன் வாயைத் திறக்கவே விடல.”

இதை ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வேண்டாம் என்றுதான்.

“உக்காரு” என்றான். உட்கார்ந்தேன். நாற்காலி சரியில்லை, முதுகு கோணியது. அதையும் சொன்னேன்.

ஏப்ரல் 8, புதன்

கடையின் தலைமை அலுவலகம் இன்னும் முப்பது நாள் கொடுத்திருக்கிறது. தப்பு இரண்டு பக்கமும் என்று ஒத்துக்கொண்டார்களாம். காலையில் அவனும் நானும் உட்கார்ந்து பேசியதில் ஒத்துப்போனது பாதி, போகாதது பாதி. செய்ய வேண்டியவை:

அறுபது பெட்டியிலும் வெளிச் சீட்டைக் கிழித்து உள்ளே வைக்க – கட்டும் பிரிவிலிருந்து இரண்டு பேர், நாளைக்கே. ‘சோதிக்கப்பட்டது’ என்று மாற்றலாம் என்கிறான் தம்பி. அரசாங்க முத்திரை மாதிரி இருக்கிறது. வார்த்தை மாறாது.

கிடங்கு அம்மாவிடம் நான்தான் அந்த அக்கா என்று சொல்லி மன்னிப்புக் கேட்க – நான், நேரில்.

கடையில் மின்விசிறிகளிலிருந்து தள்ளி ஒரு மூலை வாங்க, ஒரு ஜோடிக்கு இணைப்புக் கொடுத்து நாள் முழுக்கப் பாட வைக்க – தம்பி. அங்கே நாற்காலி போட – தம்பி. கதவு வேண்டாம்.

பழைய கடைகளில் என்ன விலையோ அதே விலை, சிவப்பு அட்டை கிடையாது என்று எழுத்தில் வாங்க – தம்பி. கொடுக்க மாட்டார்கள் என்கிறான். கொடுக்காவிட்டால் லாரியோடு போய் அறுபதையும் ஏற்றிக்கொண்டு வர – நான். இதில் நான் இறங்கி வர மாட்டேன். அவனுக்கும் தெரியும்.

ஏழு கடைக்காரர்களையும் நேரில் பார்க்க – இருவரும். பேச வேண்டியது அவன். திட்டு வாங்க வேண்டியது இருவரும்.

ஷெட் ஆட்களின் பட்டியலைக் கிழிக்க – அவன். இன்னும் கிழிக்கவில்லை. முப்பது நாள் போகட்டும் என்கிறான்.

இருபத்து மூன்று பேருக்கும் போன் செய்ய – நான்.

வெள்ளிக்கிழமை டிரைவர் வீட்டுக்கு ஒரு ஜோடியைக் கொண்டுபோக: வண்டி ஓட்ட, பெட்டி தூக்க – தம்பி. எங்கே வைப்பது என்று பார்த்து ஒயர் இழுக்க – நான். முதல் பாட்டு எது என்று சொல்ல – டிரைவரின் மனைவி. அது என்ன பாட்டாக இருந்தாலும், முழுசாக முடியும் வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்க – தம்பியும் நானும்.